இயற்கைக் குகைக்குள் அவசரத் தங்குமிடம் அமைத்தல்: யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் புதியவர்களுக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று சொல்லத்தக்க நீரோட்டமும் இல்லை. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. இப்படித் தட்டையான நிலத்தில் வளர்ந்த எங்கள் இளையோர் இப்பொழுது கூட்டங்கூட்டமாக வன்னிக் காடுகளுக்கும், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும், ஹோர்ட்டன் சமவெளிக்கும் நடைப்பயணம் போகிறார்கள். போவது நல்லது. ஆனால் மலையில் மூடுபனி இறங்கினால் வந்த வழி சில நிமிடங்களில் மறைந்துவிடும் என்பதையும், ஆண்டின் எந்த மாதமானாலும் மாலை 7 மணிக்குள் காடு முழுதாக இருண்டுவிடும் என்பதையும் வீட்டிலேயே அறிந்துகொண்டு புறப்பட வேண்டும். வழி தவறி, மழையும் பிடித்து, இருளும் வந்துவிட்ட வேளையில் கண்ணிற்படும் ஒரு கற்குகை உயிரைக் காக்கலாம். சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் உயிரை எடுக்கவும் கூடும். ஓரிரவு அல்லது ஈரிரவு அங்கே பாதுகாப்பாகத் தங்குவதற்குச் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனதில் பதிய வேண்டியது இது: குகை உங்களுக்குத் தருவது கூரை மட்டுமே. கல் உடற்சூட்டை இடைவிடாது இழுத்துக்கொள்ளும். குகையின் காற்று ஈரமானது. அதன் தரை உங்களுக்கு முன்னரே அங்கு குடியேறிய உயிர்களுக்கு உரியது. ஆகவே குகைக்குள் நுழைந்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணாமல், அந்தக் கூரையின் கீழே உடலளவான இன்னொரு சிறிய அறையைக் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தச் சிறிய அறையைப் பற்றியதுதான்.

எங்கள் மண்ணின் குகையும் மற்றைய இடங்களின் குகையும்

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மென்மையான அமிலமாகிச் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. அதனால்தான் எங்கள் நிலத்துக்கடியில் பிளவுகளும் பொந்துகளும் நீர்வழிகளும் உண்டாகியிருக்கின்றன. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும், தொண்டைமானாற்றுக்கு அருகே கெருடாவிலில் உள்ள குகையும் இந்த ஒரே செயற்பாட்டின் வெவ்வேறு முகங்கள். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது, குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போலப் படர்ந்திருக்கிறது என்பதற்கு நேரடியான சான்று.

இதிலிருந்து தங்குமிடம் தேடுபவர் அறிய வேண்டியது யாதெனில், சுண்ணக்கல் குகை நீர் போவதற்காக நீரே வெட்டிய வழி என்பதாகும். அது பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கும். மாரியில் அடியிலிருந்து நீர் ஏறும். மேற்கூரை எங்கே மெலிந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. 2008 நவம்பரில் நிஷா புயல் பொழிந்த மழையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்தில் பனங்குற்றிகளும் மண்மூடைகளும் கொண்டு பதுங்குகுழி அமைத்தவர்களும், கார்த்திகை மார்கழியில் அதன் அடியில் நீர் ஊறி நின்றதையும் பாம்பு வந்து ஒதுங்கியதையும் நன்கு அறிவார்கள். மேலும், குடாநாட்டில் எங்கு நின்றாலும் ஒரு மடமோ கோயில் மண்டபமோ பாடசாலையோ நடந்து எட்டும் தூரத்தில் இருக்கும். எனவே குடாநாட்டின் குகைகளை இரவு தங்கும் இடமாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பகலில், கோடையில், ஊரவரின் சம்மதத்தோடு, குகைவாசலில் நின்று பார்த்துப் பழகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வன்னியிலும் மலைநாட்டிலும் நிலைமை வேறு. அங்குள்ள பாறை கடினமான நைஸ் வகையைச் சேர்ந்தது. அது நீரில் எளிதில் கரையாது. பாறைத் தகடு உரிந்து விழுந்ததாலோ, பெருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்ததாலோ உண்டான ஆழமற்ற ஒதுக்குகளே அங்கு மிகுதி. வெளிச்சமும் காற்றும் உள்ளே வரும், வெளியேறுவது எளிது. இலங்கையின் மிகப் பழைய மனித எச்சங்கள் கிடைத்த பாகியன்கலை, பட்டதொம்பலென போன்ற இடங்களும் இத்தகைய பாறை ஒதுக்குகளே. வவுனியாவின் பெரியபுளியங்குளத்தில் பிராமி எழுத்துப் பொறித்த குகைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று தமிழ் வணிகனான விசாகன் என்பவனைக் குறிப்பிடுகிறது.

அந்தப் பழைய குகைகளின் நெற்றியில் வெட்டப்பட்டிருக்கும் நீண்ட பள்ளத்தை, வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். பாறை முகத்தில் வழியும் மழைநீர் நேரே கீழே விழுவதில்லை. கல்லோடு ஒட்டிக்கொண்டு கூரையின் உட்புறமாக ஊர்ந்து வந்து படுத்திருப்பவரின் மேல் சொட்டும். அந்தப் பள்ளத்தின் விளிம்பு நீரின் ஒட்டுதலை அறுத்து, வாசலிலேயே சொட்டச் செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் குகையின் முதற்குறை எது என்று சரியாகக் கண்டிருக்கிறார்கள். அந்த விளிம்போ எழுத்தோ உள்ள குகை 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்படக்கூடியது. அங்கே ஒதுங்கலாம், ஆனால் கல்லை அசைக்கவோ, சுவரருகே நெருப்பு மூட்டவோ, பெயர் எழுதவோ கூடாது.

வன்னிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி நீண்டகாலம் நடந்துவந்திருக்கிறது. மண்டையோட்டுப் பலகை நாட்டிய நிலத்துக்குள்ளும், ஊரவர் போகாத பற்றைக்குள்ளும் குகை தேடிப் போகாதீர்கள். மண்ணில் புதைந்த உலோகப் பொருள் எதையும் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

உள்ளே காலடி வைப்பதற்கு முன்

வெளிச்சம் இருக்கும்போதே, வாசலிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி நின்று, பத்து நிமிடம் பாருங்கள். களைத்துப்போயிருக்கும் ஒருவருக்கு இது மிகவும் கடினமான கட்டளை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் குகையில் நடக்கும் கேடுகளிற் பெரும்பாலானவற்றை வெளியே நின்றே கண்டுகொள்ளலாம்.

மேலே பாருங்கள். குகைக்கு மேலுள்ள சரிவில் மரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, நிலத்தில் புது வெடிப்புகள் தெரிந்தாலோ, இதுவரை இல்லாத இடத்திலிருந்து சேற்றுநீர் ஊறினாலோ அந்தச் சரிவையே விட்டு விலகுங்கள். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு தோட்டக் குடியிருப்புகளை மூடிய துயரத்தை மலையகம் மறக்கவில்லை. பயணத்துக்கு முதல்நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது ஒவ்வொரு குழுவினதும் கடமை. பாறை முகத்தில் புதிதாகக் கல் பெயர்ந்த இடம் பழைய கறுப்புப் படிவின் நடுவே வெளிறித் தெரியும். அதன் நேர் கீழே கூரான விளிம்புகளோடு கற்கள் கிடந்தால், அடுத்த கல்லும் அங்கேயே விழும். பாசி படர்ந்து, விளிம்பு மழுங்கி, மண்ணிற் புதைந்து கிடக்கும் கற்கள் பழையவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

அதே பாறையில் அரைவட்டமாகத் தொங்கும் பெரிய தேன்கூடுகளையும் குளவிக்கூடுகளையும் தேடுங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குளவி கொட்டி மருத்துவமனைக்குப் போவது செய்திகளில் அடிக்கடி வருவதுதான். கூடு இருந்தால் பேசாமல், கையை வீசாமல், திரும்பி நடந்துவிடுங்கள். அந்த இடத்தில் புகை எழுப்புவது மிகப்பெரிய பிழை.

பிறகு தரையைப் பாருங்கள். சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் சேற்றுக்கோடும், கல்லிடுக்கில் செருகி நிற்கும் காய்ந்த சருகும் குச்சியும், வெள்ளம் முன்பு எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்பதைச் சொல்லும். அந்தக் கோட்டுக்குக் கீழே ஒருபோதும் படுக்கக்கூடாது. விலங்குகளின் தடம், எலும்புத்துண்டு, புதிய எச்சம், கடுமையான முடைநாற்றம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அது பிறருடைய வீடு. வன்னியில் வீரையும் பாலையும் பழுக்கும் காலத்தில் கரடிகள் அவற்றைத் தேடி அலையும். வெயில் நேரத்தைக் கற்குகைகளில் கழிக்கும். குட்டியோடிருக்கும் கரடியின் வாசலை மறிப்பதைவிட மழையில் நனைவது மேல்.

வௌவால் குடியிருக்கும் குகையையும் விட்டுவிடுங்கள். அதன் எச்சம் குவிந்த மண்ணில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரக்கூடும். காலால் மிதித்து எழும்பும் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் உண்டாகும். வௌவால் கடித்தாலோ கீறினாலோ விசர்நாய்க்கடி நோய்க்குரிய ஆபத்தும் சேர்ந்துவரும்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கை நோக்கிய வாசல் மழையை நேரே உள்ளே வாங்கும். வாடைக்காலத்தில் வடகிழக்கை நோக்கிய வாசல் அப்படி. இயன்றால் காற்றுக்கு முதுகு காட்டும் வாசலைத் தேர்ந்தெடுங்கள்.

காற்று நின்றுபோன ஆழமான பள்ளங்களைப் பற்றித் தனியாக ஒரு சொல். பாழ்கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த கதை எங்கள் ஊர்களுக்குப் புதிதன்று. காபனீரொட்சைட்டு காற்றைவிடக் கனமானது. கீழ்நோக்கி இறங்கும் குகையின் அடியில் அது தேங்கி நிற்கும். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்ற பழைய நம்பிக்கையை நம்பாதீர்கள். எல்லா நச்சுவாயுவும் சுடரை அணைப்பதில்லை. தலையிடி, காரணமற்ற மூச்சிரைப்பு, தலைச்சுற்று ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால் உடனே மேலேறி வெளியே வர வேண்டும். பகல் வெளிச்சம் எட்டும் எல்லைக்கு அப்பால் தங்குமிடம் தேடக்கூடாது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் இந்த ஆபத்தின் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை

ஒவ்வொருவரும் சுமக்க வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கு இரண்டு ரோர்ச் விளக்கு, மேலதிக பற்றரி, ஒரு விசில், நெருப்புப்பெட்டி, நன்கு கழுவிக் காயவைத்த இரண்டு உரப்பைகள், ஒரு மாற்றுடுப்பு, தலைக்குத் தொப்பி, தண்ணீர். குழுவுக்கு ஒரு தறப்பாள், பத்துப் பதினைந்து மீற்றர் நைலோன் கயிறு, ஒரு கத்தி, ஒரு சிறிய பானை, ஒரு நுளம்பு வலை, முதலுதவிப் பை. இவற்றோடு பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிய கொஞ்சம் பன்னாடையும் தேங்காய்ப் பொச்சும் கொண்டுபோங்கள். மழையில் ஊறிய மலைக்காட்டில் உலர்ந்த சுள்ளி தேடி ஒருமணி நேரம் அலைவதைவிட, யாழ்ப்பாணத்து வளவில் ஐந்து நிமிடத்தில் பொறுக்கிய பன்னாடை மேலானது.

தரையும் படுக்கையும்

இதுவே முழு வேலையிலும் முதன்மையானது. ஆழமான குகையின் உட்காற்று அந்த இடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டி நிற்கும். யாழ்ப்பாணத்தில் அது ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் என்பதால் இங்கே குகைக்குள் புழுக்கமே மிஞ்சும். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 16 பாகை. 16 பாகை கேட்பதற்குப் பெரிய குளிராகத் தோன்றாது. ஆனால் நனைந்த உடுப்போடு, வெறுங்கல்லில், பட்டினியோடு படுத்திருக்கும் ஒருவரின் உடற்சூடு விடியுமுன்னரே ஆபத்தான அளவுக்கு இறங்க அது போதும். இந்தக் கூதல் மேலேயிருந்து வருவதைவிட அடியிலிருந்தே மிகுதியாக ஏறும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாசலிலிருந்து மழைச்சாரல் எட்டாத அளவுக்கு உள்ளே, ஆனால் எழுந்தால் ஏழெட்டு அடியில் வெளியேறக்கூடிய அளவுக்கு வாசலருகே இருங்கள். தலைக்கு மேலுள்ள கூரையை நீண்ட தடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற கெட்டியான ஒலி வந்தால் நன்று, பொள்ளலான ஒலி வந்தாலோ துகள் உதிர்ந்தாலோ இடத்தை மாற்றுங்கள். தரையில் நீர் சொட்டிய குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னர் ஒரு இலைக்கொத்தை விளக்குமாறாகக் கட்டி, மூக்கையும் வாயையும் துணியால் மூடி, தரையில் சிறிது நீர் தெளித்துத் தூசி எழாமல் கூட்டுங்கள். கல்லிடுக்குகளுக்குள் கையை விடாமல் தடியால் தட்டி ஓசை எழுப்புங்கள். எங்கள் வரண்ட பகுதிகளில் புடையனும் சுருட்டையும் கல்லிடுக்கில் ஒதுங்கும். எட்டடி விரியனோ இரவில் தரையில் உறங்குபவரையே பெரும்பாலும் கடிக்கும், கடித்த வலிகூடச் சில வேளை தெரியாது.

இதனால்தான் படுக்கை நிலத்தை விட்டு உயர வேண்டும். விழுந்து கிடக்கும் இரண்டு கனமான குற்றிகளை ஆளின் நீளத்துக்கு, இரண்டு முழ இடைவெளியில், அசையாதபடி கல்லால் அடைகொடுத்து வையுங்கள். அவற்றின் குறுக்கே கைத்தடிப் பருமனான தடிகளை நெருக்கமாக அடுக்கிக் கயிற்றால் பின்னிக் கட்டுங்கள். ஒதுக்கக் காட்டில் பச்சை மரம் வெட்டுவது குற்றம், விழுந்தவற்றையே பயன்படுத்துங்கள். அதன் மேல் உலர்ந்த இலை, மானாப்புல், பைன் ஊசியிலை ஆகியவற்றுள் கிடைப்பதைப் பரப்புங்கள். ஒரு முழ உயரத்துக்குப் பரப்பினால்தான் ஆள் படுத்து அமுங்கிய பின்னர் நான்கு விரற் கனமாவது மிஞ்சும். புதியவர்கள் இங்கேதான் சோர்ந்து, பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதீர்கள். இலையை உரப்பைகளில் திணித்துக் கட்டினால் சிதறாத மெத்தை கிடைக்கும், இருவருக்கு நான்கு பை போதும். இலையை விலங்கு நடக்கும் தடத்திலும் அடர்ந்த பற்றையடியிலும் அள்ள வேண்டாம். உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய பூச்சிகள் அங்கே இருக்கும்.

தடி கிடைக்காத பாறைப்பகுதியாயின், தட்டையான கற்களை அடுக்கி ஒரு திட்டை அமைத்து அதன் மேல் இலைப்பைகளை இரட்டையாக இடுங்கள். தலைமாடு சிறிது உயர்ந்திருக்கட்டும்.

அறைக்குள் அறை

படுக்கை முடிந்தபின் தறப்பாளை எடுங்கள். இரண்டு பாறை முனைகளுக்கிடையே அல்லது நாட்டிய இரண்டு கப்புகளுக்கிடையே, நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டி, தறப்பாளை இருபக்கமும் சரிய விட்டு, விளிம்புகளைக் கற்களால் அமத்துங்கள். உள்ளே எழுந்து நிற்க இடம் வேண்டாம், உட்கார இடம் இருந்தால் போதும். சிறிய இடத்தை உங்கள் உடற்சூடே சூடாக்கும். தலைமாட்டின் மேற்புறத்தில் ஒரு கை நுழையுமளவு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் தறப்பாளில் படிந்து திரும்ப உங்கள் மேலேயே சொட்டும். நுளம்பு வலையை உள்ளே கட்டி, அதன் ஓரத்தை மெத்தையின் அடியில் செருகிவிட்டால் பாம்பு, பூரான், நுளம்பு எல்லாவற்றுக்கும் ஒரே தடையாகும்.

கூரையிலிருந்து ஒரே இடத்தில் சொட்டும் நீரை நிறுத்த முயலாமல், அதற்கு வழிகாட்டுங்கள். ஒரு துணிக்கீற்றின் ஒரு நுனியைச் சொட்டும் இடத்தில் இடுக்கி, மறுநுனியைப் பானைக்குள் விட்டால், நீர் துணி வழியே ஓசையின்றி இறங்கும். பானை நிறைந்த நீர் காலையில் பயன்படும்.

வாசலில் காற்று அடித்தால், காற்று வரும் பக்கத்தில் மட்டும் இடுப்பளவுக்குக் குறையாத, ஆனால் வாசலை முழுதாக அடைக்காத ஒரு கற்சுவர் எழுப்பலாம். நெடுந்தீவில் சாந்து எதுவுமின்றிப் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பார்த்தவர்களுக்கு முறை தெரிந்திருக்கும்: அடியில் பெருங்கல், அகலமான அத்திவாரம், ஒவ்வொரு கல்லும் கீழேயுள்ள இரண்டு கற்களின் பொருத்தின் மேல், இடைவெளியில் சிறுகல் அடைசல், மேலே போகப்போக இரு முகமும் உள்நோக்கிய சரிவு. வெளியே சிதறிக் கிடக்கும் கற்களை மட்டும் எடுங்கள். குகையின் சுவரிலோ கூரையின் கீழோ இறுகி நிற்கும் கல்லைப் பிடுங்காதீர்கள். அது எதைத் தாங்கி நிற்கிறது என்பதை அறிய வழியில்லை.

நெருப்பு

வன்னியிலும் குடாநாட்டிலும் சூட்டுக்காக நெருப்பு வேண்டியதில்லை. மலையில் வேண்டும். மூட்டுவதானால் கூரையின் விளிம்புக்கு வெளியே, வாசலின் ஓரத்தில் மூட்டுங்கள். சூடேறிய பாறை விரிந்து தகடாக உரிந்து விழும். பாறையை உடைக்க நெருப்பையும் நீரையும் பயன்படுத்திய பழைய முறை இந்த இயல்பை வைத்தே அமைந்தது. ஆற்றிலிருந்து எடுத்த கல்லை அடுப்புக்கு வைத்தால் உள்ளேயுள்ள ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்கச் செய்யும்.

புகை உள்ளே திரும்பினால் நெருப்பை உடனே அணையுங்கள். தறப்பாளுக்குள் கரி, மெழுகுதிரி, காஸ் அடுப்பு எதையும் எரிக்கக் கூடாது. அவை எரியும்போது எழும் நச்சுவாயுவான காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, அது உறங்குபவரை எழுப்பாது. படுக்கைக்குப் போகுமுன் தணலில் நீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்து, சூடு ஆறியதை உறுதிசெய்யுங்கள்.

நீரும் கழிவும்

குகையில் ஊறும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். குமிழி எழுந்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும், ஹோர்ட்டன் சமவெளி போல 2000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். தேங்கிய நீரில் வெறுங்காலோடு, புண்ணோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் அது உயிர்களைப் பறித்ததை நாம் கண்டோம்.

மலங்கழிக்கும் இடம் நீரிலிருந்து குறைந்தது 60 மீற்றர் தள்ளி, குகைக்குக் கீழ்ப்பக்கமாக, ஒரு சாண் ஆழக் குழியில் இருக்கட்டும். சுண்ணக்கல் நிலத்தில் இது இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டியது. வலிகாமத்தின் கல்லுக்குள் நீர் மண்ணில் வடிகட்டப்படாமல் பிளவுகள் வழியே விரைந்து பாய்கிறது. குகைக்குள் கழித்த அழுக்கு யாரோ ஒருவரின் கிணற்றில்தான் போய்ச் சேரும்.

தேடுவோர் கண்ணிற் படுதல்

குகைக்குள் இருப்பவரைத் தேடி வருபவர் காணமாட்டார், கேட்கவும் மாட்டார். இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. புறப்படுமுன் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். குகையை அடைந்ததும் சிவப்பு அல்லது மஞ்சள் துணியொன்றை வெளியே தூரத்திலிருந்து தெரியும்படி கட்டுங்கள். விசிலை மும்மூன்று தரமாக, இடைவெளி விட்டு ஊதுங்கள். பாறைக்குள் கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்காது. வாசலுக்கு வெளியே திறந்த இடத்துக்கு வந்து, நிற்கும் இடத்தின் அடையாளங்களைக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள், பேச முடியாத மெல்லிய அலையிலும் அது போய்ச் சேரலாம். பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990. அனுப்பியபின் தொலைபேசியை அணைத்து, மணிக்கொரு தரம் மட்டும் இயக்கிப் பாருங்கள்.

இருவருக்கு மேல் இருந்தால் முறை வைத்து ஒருவர் விழித்திருக்க வேண்டும். நீரின் ஓசை திடீரென மாறினாலோ, வாசல் ஓடையில் நீர் கலங்கினாலோ, கல் உதிர்ந்தாலோ, ஒருவருக்குத் தலையிடி தொடங்கினாலோ, விழித்திருப்பவர் யாரிடமும் கேட்காமல் எல்லோரையும் எழுப்பி வெளியேற்றலாம் என்று படுக்குமுன்னரே பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நடுங்கி, பின் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறத் தொடங்கினால் அது களைப்பன்று. ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை உடுத்தி, இருவருக்கு நடுவே படுக்க வைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான சுடுபானம் கொடுங்கள்.

புறப்படும் காலையிலும் அதன் பின்னரும்

சப்பாத்தைத் தட்டி உதறிய பின்னரே காலை நுழையுங்கள். அடுக்கிய கற்களைக் கலைத்து, இலைகளைப் பரவி, சாம்பலை மண்ணில் கலந்து, கொண்டுவந்த பொலித்தீனைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

வீடு சேர்ந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, வெந்நீரில் முழுகி, உடுப்பைத் தனியே தோயுங்கள். வௌவால் தொட்ட ஐயம் சிறிதளவு இருந்தாலும் அன்றே சவர்க்காரமிட்டுக் கழுவி, மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலோ, கடுமையான உடல்நோவோ, விடாத இருமலோ, உடலில் கறுத்த பொருக்குப் புண்ணோ தோன்றினால், மருத்துவரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லிவிட்டு வராமல், எந்த நாளில் எந்தப் பகுதியில் குகைக்குள் உறங்கினீர்கள் என்பதையும், எந்த நீரில் இறங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் மருந்து உண்டு; காலந்தாழ்த்தாமல் தொடங்கினால் அது நன்றாக வேலைசெய்யும்.